பெயரை மறைத்த அப்பா

யுத்த காலத்தில் விமானம் குண்டு மட்டுமா போடும்? காகிதமும் போடும். இரண்டாவது உலக யுத்தத்தில், பசிபிக் தீவுகளின் காடுகளிலும் குகைகளிலும் பதுங்கியிருந்த ஜப்பானியச் சிப்பாய்களின் மேல் அமெரிக்கர்கள் லட்சக்கணக்கில் துண்டுப் பிரசுரங்களைக் கொட்டினார்கள். 'போரிட்டது போதும், வந்துவிடு. சோறும் மருந்தும் தருகிறோம்' என்பது சாரம்.

ஆனால் வருவது சுலபமா? எதிரியிடம் உயிரோடு பிடிபடுவது மானக்கேடு என்று 1941-ல் ஜப்பானிய ராணுவம் தன் வீரர்களுக்கு விதி வகுத்திருந்தது. பிடிபட்டவன் எந்த முகத்தோடு ஊர் திரும்புவான்? 'நான் சரணடைகிறேன்' என்று அச்சிட்ட சீட்டைத் தொடவே சிப்பாய்கள் கூசினார்கள். அமெரிக்கர்கள் யோசித்தார்கள். 'நான் எதிர்ப்பை நிறுத்திக்கொள்கிறேன்' என்று வாசகத்தை மாற்றினார்கள். காரியம் ஒன்றுதான், மானம் மிஞ்சியது!

இந்த வேலைக்கு ஜப்பானியரின் மனம் தெரிந்தவர்கள் வேண்டுமல்லவா? அவர்களில் ஒருவர் இவாமட்ஸு என்ற ஓவியர். ராணுவ ஆட்சியை எதிர்த்ததற்காக அவரும் மனைவியும் ஜப்பானில் சிறை சென்றவர்கள். 1939-ல் இருவரும் அமெரிக்கா போனார்கள். ஐந்து வயது மகன் மாக்கோவைத் தாத்தா பாட்டியிடம் விட்டுப் போனார்கள். பிறகு யுத்தம் மூண்டது. பிள்ளை ஒரு கரை, பெற்றவர்கள் மறு கரை!

அமெரிக்காவுக்காக வரைவது தெரிந்தால், ஜப்பானில் மகனுக்கு என்ன நேருமோ? அந்தப் பயத்தில் 'டாரோ யாஷிமா' என்று பெயரை மாற்றிக்கொண்டார். அவர் வரைந்த சித்திரக் கதைப் பிரசுரம் ஒன்றின் நாயகன் ஓர் ஏழைக் குடியானவச் சிப்பாய். 'அதிர்ஷ்டமில்லை' என்று பொருள்படுவதே அவன் பெயர். யாருக்காகவோ போரிட்டு வீணாக மடிகிறான். 'நீயாவது பிழைத்திரு' என்பதே கதையின் சேதி. செத்துக் கிடந்த சிப்பாய்களிடம்கூட அந்தப் பிரசுரம் இருந்ததாம். படித்தும், பத்திரப்படுத்தியும், பிழைக்கத்தான் அவர்களுக்கு வழி கிடைக்கவில்லை.

யுத்தம் முடிந்து, 1949-ல் மாக்கோ பெற்றோரிடம் வந்து சேர்ந்தான். பின்னாளில் ஹாலிவுட்டில் பெயர் பெற்ற நடிகனானான். அப்பாவோ குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதினார். 1955-ல் வந்த 'காக்கைப் பையன்', பள்ளியில் எல்லோரும் ஒதுக்கிய ஒரு சிறுவனின் கதை. குழந்தைகள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அட்டையில் இருப்பது, மகனைக் காப்பதற்காக வைத்துக்கொண்ட அதே பெயர்தான்.