எண்ணெய் வேண்டாத மரம்

மேற்கிந்தியத் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் இயற்கையாக வளர்வது குவாயகம் என்னும் சிறு மரம். வணிகத்தில் இதற்கு 'லிக்னம் வைட்டி' என்று பெயர். இலத்தீன் மொழியில் 'உயிர் மரம்' என்பது பொருள். இதன் பிசின் கொடிய நோய்களைத் தீர்க்கும் என்று 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் நம்பியதால் இப்பெயர் உண்டாயிற்று. பின்னாளில் அதே பிசினே தச்சருக்கும் பொறியியலாளருக்கும் பெரிதும் பயன்பட்டது.

இம்மரத்தின் வெளிறு மஞ்சள் நிறமானது. வைரம் பசுமை கலந்த கரும்பழுப்பு. தேக்கின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 0.65, இம்மரத்தின் வைரத்திற்கோ ஏறத்தாழ 1.2. ஆகவே இது நீரில் மூழ்கிவிடும். நார்கள் எதிரெதிராகச் சாய்ந்து பின்னியிருப்பதால் எளிதில் பிளவாது. உராய்வினால் சூடேறும்போது உள்ளிருக்கும் பிசின் கசிந்து, தேயும் பரப்பிற்குத் தானே எண்ணெயிடுகிறது.

பட்டறையில் இதனைக் கையாளுவது எளிதன்று. ரம்பமும் இழைப்புளியும் விரைவில் மழுங்கும். கடைசல் வேலைக்கு மிக ஏற்றது, நன்கு மெருகேறும். பிசின் காரணமாக வச்சிரம் சரியாகப் பற்றாது. ஒட்டவேண்டிய பரப்பை முதலில் ஆல்கஹாலால் துடைத்தல் வேண்டும். விரைந்து உலர்ந்தால் முனைகள் வெடிக்குமாதலால் அவற்றில் மெழுகு பூசுவர். கொட்டாப்புளிகளும் கப்பலின் கப்பி உருளைகளும் இதனால் செய்யப்பட்டன.

தச்சராயிருந்து கடிகாரம் செய்யக் கற்ற ஜான் ஹாரிசன், 1722ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பிராக்கிள்ஸ்பி மாளிகைக்கு ஒரு கடிகாரம் அமைத்தார். அதன் சுழலும் உறுப்புகளுக்கு இம்மரத்தைப் பயன்படுத்தியதால் எண்ணெயே தேவைப்படவில்லை. நீராவிக் கப்பல்கள் தோன்றியபோது, பின்புற விசிறியின் தண்டைத் தாங்கிய உலோகத் தாங்கிகள் விரைவில் தேய்ந்து பெருந்தொல்லை தந்தன. 1854இல் ஜான் பென் என்னும் பொறியியலாளர் இம்மரச் சட்டங்களை இடைவெளி விட்டுத் தாங்கியினுள் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இடைவெளிகளில் ஓடிய கடல்நீர் தண்டைக் குளிர்வித்தது. கப்பல்கள் அச்சமின்றி நெடும்பயணம் செய்யலாயின.

ஆனால், குவாயகம் மிக மெதுவாக வளர்வது. வெட்டிய வேகத்திற்கு அதனால் ஈடுகொடுக்க இயலவில்லை. 2003 முதல் இப்பேரினம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டுள்ளது. கப்பல்களில் இதன் இடத்தைப் பெரும்பாலும் செயற்கை ரப்பரும் பிளாஸ்டிக்கும் பெற்றுவிட்டன. ஒரு மரத்தின் பயன்களை எடுத்துரைக்கும் வன ஊழியரும் ஆசிரியரும், அம்மரம் முதிர எத்தனை காலம் செல்லும் என்பதையும் உடன் கூறுதல் நன்று.