ஒரு யூனிட்டை சாய்ஸில் விட்டால் 17 மார்க் அவுட்! செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய நாள் எப்படிப் படிக்கலாம்?

மாலை 6 மணி. விடிந்தால் தேர்வு. வாட்ஸ்அப் குரூப்பில் நோட்ஸ் போட்டோக்கள் வந்து குவிகின்றன. "மச்சி, நாலாவது யூனிட் ரொம்பப் பெருசுடா, சாய்ஸ்ல விட்டுடலாமா?" என்று ஒருவர் கேட்க, கட்டைவிரல் எமோஜிகள் வரிசைகட்டுகின்றன.

கடைசி செமஸ்டரில் இந்த முடிவுக்குக் கொடுக்கும் விலை அதிகம். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை உறுதியாகியிருந்தாலும், 'அரியர் இருக்கக் கூடாது' என்று பல நிறுவனங்கள் நிபந்தனை வைக்கின்றன. சரி, கையில் இருக்கும் சில மணி நேரத்தில் என்ன செய்யலாம்?

முதலில் வினாத்தாளைப் படியுங்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பெரும்பாலான தியரி தாள்களின் அமைப்பு இதுதான்: பார்ட் ஏ-வில் பத்து 2 மார்க், பார்ட் பி-யில் ஐந்து 13 மார்க், பார்ட் சி-யில் ஒரு 15 மார்க். மொத்தம் 100. பொதுவாக ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு 2 மார்க், ஒரு 13 மார்க் கேள்வி வரும். 'இது அல்லது அது' என்ற சாய்ஸும் அதே யூனிட்டுக்குள்தான்.

அதாவது, ஒரு யூனிட்டை விட்டால் 17 மார்க் காலி. இன்னொரு யூனிட்டைக் கரைத்துக் குடித்திருந்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. நான்கு யூனிட்டை முழுசாகப் படிப்பதைவிட, ஐந்திலும் முக்கியமானவற்றைப் படிப்பதே லாபம். பழைய வினாத்தாள்கள் நான்கைந்தைப் புரட்டி, ஒவ்வொரு யூனிட்டிலும் அடிக்கடி வந்த இரண்டு, மூன்று பெரிய கேள்விகளையும் 2 மார்க்குகளையும் குறித்துக்கொள்ளுங்கள். வேறு பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் வினாத்தாளை வைத்து இதே கணக்கைப் போடலாம்.

புத்தகத்தை மூடுங்கள்

திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். ஹாலில் பேனாவைத் திறந்தால் வராது. ரோடிகர், கார்பிக்கே என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஆனால் இரண்டு நாள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

எனவே, ஒரு பதிலை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, தலைப்புகளையும் படத்தையும் வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். விட்டுப்போனதை மட்டும் மறுபடி பாருங்கள். சிறிது நேரம் கழித்து இன்னொரு முறை எழுதுங்கள். கணக்குத் தாள் என்றால், தீர்வை வாசிக்காமல் நீங்களே போட்டுப் பாருங்கள்.

தூக்கத்தைத் திருடாதீர்கள்

படித்தது மனதில் பதியத் தூக்கம் அவசியம். விடிய விடிய விழித்திருந்தால், தெரிந்த பதிலும் காலையில் குழம்பும். காபியின் கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு 10 மணி காபி, 3 மணிக்கும் உங்களை விடாது. ஆறு மணி நேரமாவது தூங்கப் பாருங்கள். எழுந்ததும் புதிய பாடம் வேண்டாம். நேற்று எழுதிய தாள்கள் போதும்.

ஹாலில் 180 நிமிடம்

பார்ட் ஏ-வுக்கு 25 நிமிடம், ஒவ்வொரு 13 மார்க்குக்கும் 24 நிமிடம், 15 மார்க்குக்கு 25 நிமிடம். சரிபார்க்க 10 நிமிடம் மிஞ்சும். தெரிந்த பதிலையே பக்கம் பக்கமாக எழுதி, கடைசிக் கேள்வியைக் கோட்டை விடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

"எல்லாம் படிச்சிட்டியா?" என்று கேட்டால் பதற்றம்தான் கூடும். அதற்குப் பதில் நோட்டை வாங்கி, "ஒவ்வொண்ணா கேக்குறேன், சொல்லுப்பா" என்று உட்காருங்கள். இன்ஜினீயரிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நோட்டில் இருப்பதைப் பார்த்துக் கேட்டால் போதும். பிள்ளைக்கு அதுதான் ரிவிஷன்.

ஒரே இரவில் யாரும் கோல்டு மெடல் வாங்கிவிட முடியாது. ஆனால், ஒரு அரியரைத் தவிர்க்க அந்த ஒரு இரவு உதவலாம். அடுத்த தாளுக்கு இன்னும் சில நாள்கள் இருக்கிறதா? இதே வேலையை இன்றே ஆரம்பித்துவிடுங்கள். ஆல் தி பெஸ்ட்!