ஓட்டத்தை முறிக்கும் பிடி

80 கிலோ எடையுள்ள ஒருவர் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நடுக்கோட்டை நோக்கிப் பாய்கிறார். அவரை நிறுத்த எத்தனை பேர் வேண்டும்? மும்பையின் அணுசக்தி நகரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் உடனே பேனாவை எடுத்துவிடுவார்கள். டிராம்பே மலையடிவாரத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை செய்பவர்கள் குடும்பத்தோடு வாழும் குடியிருப்பு அது. அணுசக்தித் துறையின் பிரிவுகளுக்குள் நடக்கும் போட்டிகளில் கபடியும் உண்டு என்பதால் கணக்கு, களம் இரண்டுமே அங்கே பழக்கமானவை. நாமும் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

ஓடும் ரைடரின் இயக்க ஆற்றல் 640 ஜூல். அதே எடையுள்ள ஒரு டிஃபெண்டர் நின்ற இடத்திலிருந்து அவரைக் கட்டிப் பிடித்தால் இருவரும் ஒரே உடலாக நகர்வார்கள். உந்தம் மாறாது; எடை இரட்டிப்பதால் வேகம் 2 மீட்டராகக் குறையும், ஆற்றலில் 320 ஜூல்தான் மிஞ்சும். மூன்று பேர் ஒரே நேரத்தில் பிடித்தால் வேகம் 1 மீட்டர், மிச்சம் 160 ஜூல், அதாவது கால் பங்கு. அதன்பின் தரையில் ஊன்றிய கால்களே மீதியைத் தின்றுவிடும்.

இதில் 'ஒரே நேரத்தில்' என்பதுதான் உயிர். முதல் ஆள் பிடித்து அரை நொடி கழித்து இரண்டாவது ஆள் வந்தால், அதற்குள் ரைடர் ஒரு மீட்டர் இழுத்துப் போயிருப்பார். கார்னரில் நிற்பவரும் அவருக்குப் பக்கத்தில் நிற்பவரும் கைகோத்து 'செயின்' போடுவதன் காரணம் இதுவே. ஒருவர் அசைந்தால் மற்றவருக்குக் கை வழியாகவே செய்தி போய்விடுகிறது. கண்ணால் பார்த்து உடல் அசைய ஏறத்தாழ 0.2 நொடி பிடிக்கும். அந்த நேரத்தில் ரைடர் 80 சென்டிமீட்டர் கடந்துவிடுவார்.

ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு, அங்கிருந்து இன்னும் 1 மீட்டர் தள்ளி போனஸ் கோடு. உடலை நீட்டிப் பாயும் ரைடரின் விரல் நுனி அவர் பாதத்திலிருந்து 2 மீட்டருக்கும் மேல் எட்டும். ஆகவே பாக் கோட்டருகே அவரைப் பிடித்தால், காப்பாற்றிக்கொள்ள அவருக்கு வேண்டியது ஒன்றரை மீட்டர்தான். போனஸ் கோட்டருகே பிடித்தால் இரண்டரை மீட்டர். அந்தக் கூடுதல் ஒரு மீட்டருக்காகவே நல்ல அணிகள் பின்னால் போய்க்கொண்டே இருக்கின்றன. 30 நொடிகள் வரை மூச்சு விடாமல் பாடவேண்டியவர் ரைடர்; ஆழம் தேடி வரவேண்டியவரும் அவரே. அவர் வருவதற்கு முன்னே முந்திக்கொண்டு பாய்வதை 'அட்வான்ஸ் டேக்கிள்' என்பார்கள். இளம் அணிகள் இழக்கும் புள்ளிகளில் எத்தனையோ இந்த ஒரு அவசரத்தால் போகின்றன. பலம் போதாமல் தோற்றோம் என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் பொறுமைதான் போதாமல் போயிருக்கும்.

அவசரப்பட்டு இடம்விட்டு அசைவது என்ற இதே சிக்கலின் இன்னொரு வடிவம் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இருக்கிறது. அங்கே ராணுவ, கடற்படை அகாடமி அணிகள் பந்தை எறிவதைவிடச் சுமந்து ஓடுவதையே பெரிதும் நம்புகின்றன. எந்தத் தடுப்பாளர் இடம் பெயர்கிறார் என்று பார்த்த பிறகே பந்து யார் கைக்குப் போகும் என்று முடிவாகும். எதிரணிப் பயிற்சியாளர்கள் கண்ட மருந்து, ஆளுக்கொரு பொறுப்பு: நடுவில் ஓடுபவர் ஒருவருக்கு, பந்தை வைத்திருப்பவர் இன்னொருவருக்கு, ஓரமாகப் போகிறவர் மூன்றாமவருக்கு. பந்து எங்கே போனாலும் தன் ஆளை விடக்கூடாது. கபடி ரைடரும் இடம்விட்டு அசையும் அந்த ஒரு ஆளுக்காகத்தான் காத்திருக்கிறார். கையால் ஏமாற்றுவார், தலையால் ஏமாற்றுவார். ஆனால் உடலின் நிறைமையம் இடுப்பை ஒட்டி இருப்பதால் இடுப்பு எளிதில் பொய் சொல்லாது. தேர்ந்த டிஃபெண்டரின் பார்வை அங்கேயே நிற்கும்.

சரி, பிடிக்கும் நேரம் வந்தாயிற்று. எங்கே பிடிப்பது? ரைடரின் தொடை எவ்வளவு வலுவாக இருந்தாலும் அந்த வலு தரை வழியாகத்தான் வேலை செய்யும். பாதத்துக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு, பாதம் தரையை அழுத்தும் விசையைப் பொறுத்தது. தொடையைப் பிடித்துத் தூக்கினால் அழுத்தம் குறையும்; பாதி எடையைத் தூக்கிவிட்டால் உராய்வும் பாதியாகும். எதிராளி சோர்வதற்கு முன்பே அவர் பலம் பயனற்றுப் போகிறது. கணுக்கால் பிடியில் வேறொரு கணக்கு. மேலே நிறைமையம் முன்னோக்கி ஓட, கீழே பாதம் நின்றுவிட்டால், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் மையம் அவரையே கவிழ்த்துவிடும். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் கார்னரில் நின்று இந்தப் பிடிக்குப் பேர்போனவர். 2016-இல் பாட்னா பைரேட்ஸ் புரோ கபடி கோப்பையை வென்றபோது அவரே தலைவர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதிலும் தன்னைவிட இளையவர்களை அவர் வீழ்த்தியதற்கு இந்தக் கணக்கைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

'டேஷ்' இன்னும் அழகானது. முன்னோக்கி ஓடும் வேகம் பக்கவாட்டு இடியை எதிர்க்காது, ஏனென்றால் உந்தத்துக்குத் திசை உண்டு. எல்லைக்கோட்டருகே ஓடுபவரைக் கவரில் நிற்பவர் தோளால் மோதினால், அவரை நிறுத்தவே வேண்டாம். கோட்டுக்கு வெளியே திருப்பினால் போதும். 2015-இல் யு மும்பா அணி புரோ கபடி கோப்பையை வென்றபோது கார்னர்களில் சுரேந்தர் நாடாவும் மோஹித் சில்லரும் இருக்க, அந்த அணியின் கவர் ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்தவர் தமிழ்நாட்டின் ஜீவா குமார்.

எந்த அரணுக்கும் ஓட்டை உண்டு. செயினில் கோத்த கைகளுக்குக் கீழே ஓர் இடைவெளி இருக்கிறது. ரைடர் பர்தீப் நர்வால் அதற்குள் குனிந்து நுழைந்து வெளியேறும் 'டுப்கி'யால் பெயர் பெற்றார். 2017 புரோ கபடி சீசனில் மட்டும் அவர் எடுத்த ரைடு புள்ளிகள் 369. தாழ்ந்து வருபவரை மார்பளவில் தடுக்க முடியாது, டிஃபெண்டரின் மையமும் தாழவேண்டும். மல்யுத்த மரபு ஊறிய ஈரானியர்களுக்கு அது இயல்பாக வருகிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில், டிஃபெண்டர் ஃபசல் அத்ராச்சலி இடம்பெற்ற ஈரான் அணி இந்தியாவை 27-18 என்று வீழ்த்தியது. 1990-இல் ஆசியப் போட்டியில் கபடி சேர்ந்ததிலிருந்து இந்திய ஆண்கள் அணி தங்கத்தைத் தவறவிட்டது அதுவே முதல்முறை.

நம் ஊர்களில் பொங்கலையொட்டி விளக்கொளியில் நடக்கும் ஆட்டங்கள் பெரும்பாலும் மண் தரையில்தான். ஆசியப் போட்டியும் புரோ கபடியும் நடப்பது 'மேட்' எனும் விரிப்பில், காலணியோடு. தளர்ந்த மண்ணில் ரைடரின் கால் இழுத்தாலே வழுக்கும். மேட்டில் அந்தக் கால் ஒட்டிக்கொண்டு நிற்கும். இழுத்துப் பயனில்லை, தூக்கியாக வேண்டும். திருப்பங்களும் கூர்மையாகும், அதனால் இடியின் கோணமும் மாறும். மண்ணில் வளர்ந்த ஒரு சிறுவனுக்கு மாவட்டத் தேர்வில்தான் முதன்முதலாக மேட் கிடைக்கிறது என்றால், அவன் தசைக்குப் பழகிய உராய்வு அன்றைக்கு அங்கே இருக்காது. ஒன்றியத்துக்கு ஒரு மேட்டாவது வாங்கிக் கொடுப்பது அரசுக்கு முடியாத செலவல்ல.