தலையைப் பிடித்துவிட்டால் மன அழுத்தம் இறங்குமா?

ஒருவரைப் படுக்க வைத்து, பின்மண்டையை இரு கைகளிலும் ஏந்தி, விரல் நுனியால் லேசாக அழுத்துகிறார் ஒருவர். அரை மணி நேரத்தில் ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன்’ குறைந்துவிடும் என்கிறது பின்னணிக் குரல். இந்தக் காணொளியை அனுப்பிய வாசகி ஒருவர், “யாராவது முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?” என்று கேட்டிருக்கிறார். பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனைகளின் முடிவைப் படிப்பதற்கு முன், கார்டிசால் என்ற அந்த ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோனின்’ குணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. தெரியாவிட்டால் எந்தச் சிகிச்சையும் பலித்தது போலத்தான் தோன்றும்.

காணொளியில் உள்ள முறைக்குத் தலை ஆஸ்டியோபதி என்று பெயர். அதன் வரலாறு நீளமானது, தேவையான அளவு மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில், கைகளால் உடலைச் சீர்படுத்தும் ஆஸ்டியோபதி முறைக்கான கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்த வில்லியம் கார்னர் சதர்லாண்டுக்கு, மண்டையோட்டு எலும்புகளின் சாய்ந்த விளிம்புகளைப் பார்த்ததும் மீனின் செவுள் நினைவுக்கு வந்தது. அப்படியானால் இந்த எலும்புகளும் அசையத்தானே வேண்டும் என்று முடிவு கட்டி, 1939-ல் புத்தகமும் எழுதினார். மண்டைக்குள் ஒரு தாளம் உண்டு, பழகிய விரல்கள் அதை உணரும், திருத்தும் என்பது கொள்கை. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று சிகிச்சையாளர்கள் அதே 12 பேரின் தாளத்தைத் தனித்தனியாக எண்ணினார்கள். ஒருவர் கணக்குக்கும் இன்னொருவர் கணக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 2006-ல் முயல்களின் மண்டையில் இதே மாதிரி சில கிராம் விசை கொடுத்து அளந்தபோது எலும்பு இணைப்பும் அசையவில்லை, மண்டைக்குள் அழுத்தமும் மாறவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்தக் கொள்கை அதோடு முடிந்தது.

ஆனால் விளக்கம் தவறு என்பதாலேயே விளைவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எலும்பு அசையாவிட்டாலும் உடல் அமைதியடையலாம். அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

சரி, கார்டிசாலுக்கு வருவோம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு இரண்டு பகுதிகள். உள்பகுதி அட்ரினலினைச் சின்னச் சின்னப் பைகளில் சேமித்து வைத்திருக்கிறது. நரம்பு தட்டினால் நொடிகளில் கொட்டிவிடும். வெளிப்பகுதியிடம் கார்டிசால் கையிருப்பே கிடையாது. வைக்கவும் முடியாது, ஏனென்றால் கார்டிசால் கொழுப்பில் கரைவது. செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. எந்தப் பையில் கட்டி வைத்தாலும் ஒழுகிப் போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் கொலஸ்ட்ராலிலிருந்து புதிதாகச் செய்தாக வேண்டும்.

வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்துவிட்டார் என்று வையுங்கள். டப்பாவில் இருக்கும் முறுக்கு உடனே தட்டுக்கு வந்துவிடும், அதுதான் அட்ரினலின். கேசரி அப்படியல்ல. திண்ணையில் இருக்கும் தாத்தா (ஹைப்போதலாமஸ்) ஆளைப் பார்த்துக் குரல் கொடுக்க, கூடத்தில் இருக்கும் பாட்டி (பிட்யூட்டரி) அதை அடுக்களைக்குச் சொல்ல, அதன் பிறகுதான் அங்கே அடுப்பே பற்றும். கேசரி வந்து சேரும்போது விருந்தாளி செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். நெய் மணம் திண்ணையை எட்டியதும் தாத்தா, “போதும்மா” என்பார். பின்னூட்டம் என்று பாடநூல் சொல்வது இதைத்தான். காலையில் வந்தால் அடுக்களையில் ஏற்கெனவே டிபன் அமளி, விருந்தாளிக்காக எது வெந்தது என்றே பிரித்துச் சொல்ல முடியாது. கார்டிசாலும் விழித்த முக்கால் மணி நேரத்துக்குள் தானாகவே உச்சத்துக்குப் போவதால், ஆய்வாளர்கள் பெரும்பாலும் பிற்பகலில்தான் சோதனை வைக்கிறார்கள். அதே விருந்தாளி மறுபடி வந்தால் கேசரி கிடையாது, காபி மட்டும்தான். உடலும் அப்படியே: பழகிய அதிர்ச்சிக்குக் கார்டிசால் குறைவாகவே சுரக்கும்.

சேமிக்க விடாத அதே ஒழுகல் குணம்தான் ஆய்வாளர்களுக்கு வரமாக வாய்த்திருக்கிறது. ரத்தத்தில் புரதங்களோடு ஒட்டாமல் தனியாகத் திரியும் சிறு பங்கு கார்டிசால், உமிழ்நீர்ச் சுரப்பியின் செல்களுக்குள் நுழைந்து வாய்க்கு வந்துவிடுகிறது. ஊசி வேண்டாம். ஒரு பஞ்சுச் சுருளை ஓரிரு நிமிடம் மென்று குழாயில் போட்டால் போதும். அதற்கு முன் சாப்பிடக் கூடாது, பல் துலக்கவும் கூடாது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்தால் கணக்கு கெட்டுவிடக்கூடும்.

மன அழுத்தத்தை ஆய்வகத்தில் உண்டாக்குவதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-ல் வகுத்த சோதனையில், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன் நின்று வேலைக்கான நேர்முகத் தேர்வு போலப் பேச வேண்டும். பிறகு 1022-லிருந்து 13, 13-ஆகக் கழிக்க வேண்டும்: 1009, 996, 983... தவறினால் மறுபடி 1022-லிருந்து. இது முடிந்து பத்து, இருபது நிமிடம் கழித்துத்தான் உமிழ்நீரில் கார்டிசால் உச்சம் தொடும். பலருக்கு இரண்டு மடங்கு, அதற்கு மேலும்.

கணக்கு முடிந்த பிறகுதான் உச்சம். அதன்பின் தானாகவே இறக்கம். இறங்கும் அந்த நேரத்தில் ஒருவர் தலையைப் பிடித்துவிட்டால் பெயர் அவருக்குப் போய்விடும். பாட்டுப் போட்டிருந்தால் பாட்டுக்குப் போயிருக்கும். ‘சிகிச்சைக்கு முன், பின்’ என்று இரண்டே எண்களைக் காட்டும் எந்த விளம்பரத்தையும் நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

இத்தாலியின் பார்மா ஆய்வாளர்கள் இந்தப் பள்ளத்தை ஓரளவு தாண்டினார்கள். 2017-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் ஆரோக்கியமான ஆண்களுக்கு மனக்கணக்கு கொடுத்தார்கள். பிறகு குலுக்கல் முறையில் சிலருக்குத் தலை உள்ளிட்ட இடங்களில் ஆஸ்டியோபதி, சிலருக்குப் போலிச் சிகிச்சை. அதன்பின் மீண்டும் மனக்கணக்கு. உண்மைச் சிகிச்சை பெற்றவர்களிடம் அழுத்தத்துக்கான எதிர்வினை போலிக் குழுவைவிட அடங்கியிருந்தது என்கிறார்கள். ஒப்பீட்டுக் குழு இருப்பதால், தானாக இறங்கியதும் பழக்கத்தால் குறைந்ததும் இரு பக்கமும் சமமாகக் கழிந்துவிடும். நல்ல அமைப்பு. இருந்தாலும் ஆட்கள் மிகக் குறைவு, அளந்தது ஒரே ஓர் அமர்வின் உடனடி விளைவை, சிகிச்சை செய்தவருக்கோ எது உண்மை, எது போலி என்று தெரியும். தெரிந்த கை ஒரு மாதிரியும், ‘இது சும்மா’ என்று நினைக்கும் கை வேறு மாதிரியும் தொடும்.

தொடுதலே சும்மா இல்லை என்பதுதான் பெரிய சிக்கல். தோலில் மெல்லிய வருடலுக்கென்றே மெதுவாகச் செய்தி கடத்தும் நரம்பிழைகள் இருக்கின்றன. படுத்தாலே, உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு ஓங்கி இதயத் துடிப்பு தணிகிறது. 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 20 பேருக்கு உண்மைச் சிகிச்சை, போலிச் சிகிச்சை, ஒன்றும் செய்யாமல் விடுவது என மூன்றையும் கொடுத்துப் பார்த்தது. உண்மைச் சிகிச்சையில் சீக்கிரம் தூக்கம் வந்தது, உடலை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்பின் செயல்பாடும் குறைந்தது. ஆனால் கண் அயர்ந்தாலே பரிவு நரம்பு அடங்கும். கை அடக்கியதா, தூக்கம் அடக்கியதா?

இதைப் பிரித்தறிய முடியும். தலை ஆஸ்டியோபதி, பயிற்சியே இல்லாத ஒருவர் அதே இடத்தில் அதே நேரம் கை வைப்பது, யாரும் தொடாமல் விழித்தபடி படுத்திருப்பது என்று மூன்று குழுக்கள் வேண்டும். சிகிச்சை முதலில், மனக்கணக்கு அதன்பின் ஒரே முறை. பத்து நிமிடத்துக்கு ஒரு பஞ்சுச் சுருள், ஒன்றரை மணி நேரத்துக்கு. பல நூறு பேர். முதல் இரண்டு குழுக்களின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பயன் தொடுதலுடையது, அதற்குச் சான்றிதழும் கட்டணமும் தேவைப்படாது. முதல் கோடு மட்டும் தெளிவாகக் கீழே போனால், எலும்புக் கதையை விட்டுவிட்டு, அந்த விரல்கள் வேறு எதைச் செய்கின்றன என்று முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.