வீட்டுக் கணினியின் பிடி அரிசி

உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைக்கும் வழக்கம் நம்மில் பல குடும்பங்களில் உண்டு. மாதக் கடைசியில் அது கோயிலுக்கோ அன்னதானத்துக்கோ போய்ச் சேரும். ஒரு வீட்டு அரிசி ஒரு பந்திக்குக் காணாது. ஆயிரம் வீட்டு அரிசி சேர்ந்தால் ஊருக்கே சோறு போடலாம். இதே கணக்கைக் கணினிக்குப் பொருத்திப் பார்த்ததுதான் 'தன்னார்வப் பகிர்வுக் கணிப்பு'. நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் இதை எப்படித் தொடங்குவது என்று என்னிடம் கேட்டார்கள். பெற்றோர் கேட்ட கேள்வி வேறு: "கரண்ட் பில் எவ்வளவு சார் ஏறும்?" இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சங்கதி என்னவென்று பார்ப்போம். கடிதம் அடிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் நம் கணினியின் மூளை தன் சக்தியில் சிறு பங்கைத்தான் செலவிடுகிறது. அந்த ஓய்வு நேரத்தில் ஒரு விஞ்ஞான ஆய்வுக்கான கணக்கின் சிறு துண்டை இணையம் வழியே வாங்கி, போட்டு முடித்து, விடையைத் திருப்பி அனுப்புவதே இந்தத் தொண்டு. எல்லாக் கணக்கையும் இப்படிப் பிரித்துவிட முடியாது. கல்யாணச் சமையலில் காய் நறுக்குவதை நாற்பது பேருக்குப் பங்கு போடலாம். ரசத்தை ஒருவர்தான் கூட்ட வேண்டும். காய் நறுக்குவதுபோல, ஒரு துண்டின் விடைக்காக இன்னொரு துண்டு காத்திருக்க வேண்டாத கணக்குகள்தாம் இதற்கு ஒத்துவரும்.

இந்த யோசனையை வீடுவீடாகக் கொண்டுபோனது, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1999 மே மாதம் தொடங்கிய 'செட்டி அட் ஹோம்'. போர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்த வானொலி அலைகளில் வேற்றுலகத்தார் அனுப்பிய சமிக்ஞை ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தார்கள். வேற்றுலகத்தார் யாரும் அகப்படவில்லை. 2020 மார்ச் 31-உடன் புதிய துண்டுகள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அந்த முயற்சியிலிருந்து எல்லா ஆய்வுகளுக்கும் பொதுவான ஒரு மென்பொருள் பிறந்தது. பி, ஓ, ஐ, என், சி என்ற ஐந்து ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து அதைப் 'பாயிங்க்' என்கிறார்கள். இலவசம்தான்.

"நம்ம வீட்டுப் பெட்டி போட்ட கணக்கை விஞ்ஞானி நம்புவாரா?" என்று கேட்கலாம். நம்ப மாட்டார், அதுதான் முறை. ஒரே துண்டை இரண்டு வீட்டுக்கு அனுப்பி, இரண்டு விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது பல திட்டங்களில் வழக்கம். இதற்கு ஓர் அழகான உதாரணம் உண்டு. 2005-ல் தொடங்கிய 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' திட்டம் 2010-ல் அதுவரை யாரும் அறியாத ஒரு துடிப்பு விண்மீனைக் கண்டுபிடித்தது. விநாடிக்குச் சுமார் 41 தடவை சுழல்கிற நட்சத்திரம் அது. கண்டுபிடித்த பெருமை இரண்டு தரப்புக்குப் போயிற்று: ஒன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்துத் தம்பதி, இன்னொன்று ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து அன்பர். இரு தரப்புக் கணினிகளும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னதால்தான் இரு தரப்புக்கும் பெருமை.

இந்தத் திட்டம் ஈர்ப்பு அலைகளையும் தேடுகிறது. அவற்றை முதன்முதலில் நேரடியாக உணர்ந்தவை அமெரிக்காவின் லைகோ நிலையங்கள், ஆண்டு 2015. அதே வகை நிலையம் ஒன்றை மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமைக்க மத்திய அமைச்சரவை 2023-ல் ஒப்புதல் அளித்தது. நம் பிள்ளைகளுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல.

மருத்துவ ஆர்வம் உள்ளவர்களுக்கு 'ஃபோல்டிங் அட் ஹோம்' இருக்கிறது. புரதங்கள் எப்படி மடிகின்றன, அசைகின்றன என்று கணிக்கும் திட்டம். 2000-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2020-ல் கொரோனா வந்தபோது உலகெங்கும் மக்கள் இதில் வந்து குவிந்தார்கள். அப்போது அவர்கள் கணினிகளின் மொத்த வேகம், விநாடிக்கு 1-க்குப் பின் 18 பூஜ்யம் போட்ட அளவுக் கணக்குகளைத் தாண்டியது. அன்றைக்கு எந்தத் தனி சூப்பர் கம்ப்யூட்டருக்கும் அந்த வேகம் கிடையாது. இதற்கு மட்டும் பாயிங்க் வேண்டாம், தனி மென்பொருள் உண்டு.

இனி பெற்றோர் கேள்விக்கு வருகிறேன். "சும்மா கிடக்கிற கணினிதானே, செலவே இல்லை" என்று சிலர் சொல்வது சரியில்லை. சும்மா இருக்கும் கணினியைவிட வேலை செய்யும் கணினி அதிக மின்சாரம் இழுக்கும். உதாரணத்துக்கு 60 வாட் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் மாதத்தில் சுமார் 14 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் ஏறக்குறைய 100 ரூபாய். விளையாட்டுக்கான பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது பல மடங்காகும். அதனால்தான் பிடி அரிசி என்றேன். பிடி அரிசி சட்டியில் மிஞ்சிய சோறு அல்ல, உலைக்கு முன்பே மனமறிந்து எடுத்துவைக்கிற பங்கு. இதுவும் அப்படித்தான். எவ்வளவு தரலாம் என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவுசெய்து தர வேண்டும். பரணில் கிடக்கும் பழைய கணினியைத் தூசி தட்டி இதற்கென்றே இரவும் பகலும் ஓட்டுவது புண்ணியமில்லை. அது கரண்டைத் தின்னும் அளவுக்குக் கணக்குப் போடாது.

தொடங்கும் வழி எளிது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பாயிங்க் தளத்திலிருந்து மட்டும் மென்பொருளை இறக்குங்கள், வேறெங்கிருந்தும் வேண்டாம். நிறுவியதும் எந்தத் திட்டத்தில் சேருகிறீர்கள் என்று கேட்கும். ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டும். வங்கிக்கு வைத்திருக்கும் கடவுச்சொல்லை இங்கே போடாதீர்கள். பிறகு 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ்' என்று இருக்கும். மூளையில் எத்தனை சதவீதம் தருவது, நாம் வேலை செய்யும்போது ஒதுங்கியிருக்க வேண்டுமா, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை ஓடலாம் என்று எல்லாம் அங்கே நாமே சொல்லலாம். முதல் மாதம் பாதி சக்தி, நாம் கணினியைத் தொடாத நேரம் மட்டும் என்று வைப்பது நல்லது. மடிக்கணினியானால், பேட்டரியில் ஓடும்போது நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம். பெரும்பாலான திட்டங்கள் அவ்வப்போது கணக்கைச் சேமித்துக்கொள்ளும். மறுபடி விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடரும். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கெடு உண்டு. அதற்குள் முடியாவிட்டால் வேலை வேறொரு வீட்டுக்குப் போய்விடும். ஆகையால் வாங்கிக் குவித்துக்கொள்ளாதீர்கள். இன்வர்ட்டரில் வீடு ஓடும்போது இதை நிறுத்திவிடுங்கள், விசிறிக்குத்தான் முதலிடம்.

வெயிலையும் கவனிக்க வேண்டும். மே, ஜூனில் 45 டிகிரி அடிக்கும் டில்லி போன்ற ஊர்களில் கணினி அறையை மேலும் சூடாக்கும். அந்த இரண்டு மாதம் விடுமுறை கொடுத்துவிட்டு, குளிர்காலத்தில் ஓட்டினால் அறைக்கு இதமும் கிடைக்கும். உள்ளே விசிறியில் படியும் தூசியை அடிக்கடி துடைக்கச் சொல்லுங்கள். அலுவலகக் கணினியில் மட்டும் மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் போடவே போடாதீர்கள். அங்கே கரண்டும் கணினியும் நம்முடையவை அல்ல. அடுத்தவர் அரிசியில் பிடி எடுக்கக் கூடாது.

பதிலுக்கு என்ன கிடைக்கும்? காசு கிடையாது. முடித்த வேலைக்குப் புள்ளிகள் தருவார்கள், அவ்வளவுதான். யாராவது காசு தருகிறேன் என்று சொல்லி மென்பொருள் போடச் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். உண்மையான லாபம் வேறு. "இப்போ நம்ம கம்ப்யூட்டர் என்ன கணக்குப் போடுது?" என்று வீட்டுப் பிள்ளை கேட்கும். அதற்குப் பதில் தேட நீங்களும் கூட உட்கார வேண்டியிருக்கும். பாடப்புத்தகத்துக்கு வெளியே, விடை தெரியாத கேள்விகளும் உலகத்தில் உண்டு என்று பிள்ளைக்கு அப்போது புரியும். ஒரு திட்டம், ஒரு மாதம், பழைய பில்லையும் புதுப் பில்லையும் பக்கத்தில் வைத்து ஒரு பார்வை. கட்டுப்படியானால் தொடருங்கள்; ஆகாவிட்டால் பிள்ளையின் பரீட்சை லீவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.