குண்டளைக்கு ஒரு நீராவி எஞ்சின்

அல்லிநகரத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைகளுக்கு அப்பால், 1902-ல் விசித்திரமான ஒரு ரயில் ஓடியது. தண்டவாளம் ஒன்றுதான். இழுத்தவை காளைகள். மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரைக்கும் தேயிலைப் பெட்டிகளைச் சுமந்தது. அங்கிருந்து பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்து சேர்ந்தன. 1908-ல் ஒற்றைத் தண்டவாளம் போய், இரண்டடி அகலப் பாதை வந்தது. 1924-ல் பெருவெள்ளம் அதையும் அழித்தது.

அந்த ரயிலை இன்று மேசைமேல் மாதிரியாகக் கட்டிப் பார்க்கலாம். மாதிரி ரயில் கட்டுவோரில் ஒரு சாரார் நிஜ ரயிலை அப்படியே சிறிதாக்குவார்கள். இன்னொரு சாரார் வந்தே இராத ரயிலைக் கட்டுவார்கள். பெட்ரோலும் கம்ப்யூட்டரும் வராமல் நீராவியே வளர்ந்துகொண்டு போயிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனைக்குப் பெயர் ஸ்டீம்பங்க். பித்தளைக் குழாய், வெளியே தெரியும் ரிவிட், பல்சக்கரம் எல்லாம் அதன் அடையாளங்கள். ஆங்கிலேயக் கார்ட்டூன் ஓவியர் ரோலண்ட் எமெட், பஞ்ச் இதழில் கோணல்மாணலான ரயில்களை வரைந்துகொண்டிருந்தார். 1951-ல் லண்டன் பாட்டர்சீ பூங்காவில் அவை ஆட்களை ஏற்றிக்கொண்டு நிஜமாகவே ஓடின. வெறும் அலங்காரத்துக்குப் பல்சக்கரம் ஒட்டுவதை என்னால் ரசிக்க முடிவதில்லை. கற்பனை ரயிலும் ஓட வேண்டும், விழாமல் நிற்க வேண்டும்.

குண்டளை ரயில் எப்படி விழாமல் நின்றது? அது யூயிங் முறை. சுமையில் ஏறக்குறைய முழுவதையும் தண்டவாளத்தின் மேல் உள்ள சக்கரங்களே தாங்கும். பக்கவாட்டில் நீட்டிய கையின் நுனியில் ஒரு சக்கரம் சாலையில் உருண்டு, வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இரும்பின் மேல் இரும்பு உருளும்போது தடை குறைவு. அதனால் காளைக்கு இழுப்பது எளிது. வளைவில் இரண்டு தண்டவாளம் இருந்தால் வெளிப்பக்கத் தண்டவாளம் நீளம் கூடியது. வளைவு கூர்மையானால், ஒரே அச்சில் இறுகிய இரு சக்கரங்களில் ஏதாவது ஒன்று வழுக்க வேண்டியிருக்கும். ஒற்றைத் தண்டவாளத்தில் அந்தச் சிக்கலே கிடையாது. மலைச்சாலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

அந்த மோனோரயிலுக்குக் கிடைக்காத நீராவி எஞ்சினை நாம் செய்து கொடுக்கலாம். 48-ல் ஒரு பங்கு அளவு வசதியானது. சமநிலைச் சக்கரம் தண்டவாளத்திலிருந்து 40 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அதன்மேல் விழ வேண்டுமானால், வண்டியின் ஈர்ப்பு மையம் தண்டவாளத்துக்கு நேர் மேலிருந்து அந்தப் பக்கமாக 2 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் போதும். மறுபக்கம் போய்விட்டால் கவிழும். கவிழ்வதும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும்: விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், பெரிய வண்டியைவிட இது ஏழு மடங்கு சீக்கிரம் சாயும். தூண்டில் ஈயக்குண்டு ஒன்றைச் சமநிலைப் பக்கம் கட்டினால் சரியாகும்.

நிஜ நீராவி இந்த அளவில் எளிதில் ஒத்துழைக்காது. நீளம் 48 மடங்கு குறையும்போது பாய்லரின் வெளிப்பரப்பு 2,304 மடங்கு குறைகிறது. உள்ளே கொள்ளும் தண்ணீரோ ஒரு லட்சத்துப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறைகிறது. ஒவ்வொரு சொட்டுக்கும் வெப்பம் வெளியேற 48 மடங்கு கூடுதல் பரப்பு கிடைத்துவிடும். ஆகவே பாய்லருக்குள் 12 வோல்ட் மோட்டாரை ஒளித்துவைப்பதே எளிய வழி. வேகத்தையும் சுருக்க வேண்டும்: மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது இங்கே நொடிக்குச் சுமார் 6 சென்டிமீட்டர். பல்சக்கரங்களால் மோட்டாரை அவ்வளவு மெதுவாக்கினால்தான் எஞ்சினுக்குக் கனம் இருப்பதாகக் கண் நம்பும்.

பொருள்களைத் தேடி வெளியூர் போக வேண்டாம். ஸ்லைடிங் ஜன்னலின் அடியில் உள்ள பள்ளம் விழுந்த ரோலரே சக்கரம். ரீவைண்டிங் கடையில் கழித்த செம்புக் கம்பி குழாய்களாகும். மெல்லிய பித்தளைத் தகட்டைப் பின்னாலிருந்து மழுங்கிய ஊசியால் அழுத்தினால் முன்பக்கம் ரிவிட் வரிசை புடைத்து நிற்கும்.

இப்படியொரு எஞ்சின் முழுக்கக் கற்பனையும் அல்ல. இதே யூயிங் முறையில் 1907-ல் தொடங்கிய பட்டியாலா சமஸ்தான மோனோரயிலுக்கு, பெர்லினின் ஓரன்ஸ்டைன் அண்ட் கொப்பல் நிறுவனம் நான்கு நீராவி எஞ்சின்களைச் செய்து அனுப்பியது. அவற்றில் ஒன்று டில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவெடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் அங்கே போகலாம்.