காலத்தை அளக்கும் இடைச்சொற்கள்

1879-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மரே என்னும் ஸ்காட்லாந்துப் பண்டிதர் ஆங்கிலத்தின் மகா அகராதிக்கு ஆசிரியராகப் பொறுப்பேற்றபோது, பத்தாண்டுகளில் அப்பணி பூர்த்தியாகிவிடும் என்றே அவரும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரும் கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் 1884-இல் வெளிவந்த முதற்பகுதி, ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்தைக்கூடக் கடவாமல், எறும்பைக் குறிக்கும் ‘ஆன்ட்’ என்ற சொல்லோடு நின்றிருந்தது. மரே 1915-இல் காலமானார். அவருக்குப் பின்னும் வேலை நடந்துகொண்டே இருந்து, 1928-இல்தான் கடைசிப் பகுதி அச்சேறியது. இக்கதையை ஆங்கிலத்தில் சொல்லப் புகும் ஒருவர், பத்தாண்டில் முடிக்க எண்ணியதற்கு ‘ஃபினிஷ் ஆஃப்’ என்றும், நாற்பத்தொன்பது ஆண்டுகள் இழுத்துக்கொண்டு போனதற்கு ‘டிராக் ஆன்’ என்றும் சொல்லக்கூடும். வினைக்குப் பின்னே நிற்கும் ‘ஆஃப்’, ‘ஆன்’ என்னும் இவ்விரு சிற்றுருவங்களும் அவ்வினைகள் எத்தகைய காலத்தை ஏற்கும் என்பதை நிர்ணயிக்கும் வல்லமை உடையவை. நம் பள்ளிக்கூட இலக்கணங்கள் இவற்றை அர்த்தப் பட்டியலாக மனனம் செய்விக்கின்றனவே அன்றி, இந்த வல்லமையைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை.

இத்தகைய கூட்டுவினைகளை ஆங்கில இலக்கணிகள் ‘ஃபிரேஸல் வெர்ப்’ என்பார்கள். அந்நியர்களுக்கு ஆங்கிலத்தில் மிகுந்த கஷ்டம் தருவது இவ்வகைச் சேர்க்கையே என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். பழைய ஆங்கிலத்தில் வினைக்கு முன் ஒட்டாக நின்ற உருபுகள் பல நாளடைவில் தேய்ந்து மறைய, வினைக்குப் பின் நிற்கும் இடைச்சொற்கள் அவ்விடத்தைப் பிடித்தன. அரசன் தன்னை ஏமாற்ற முயன்ற மடாதிபதி ஒருவரைப் பதவியைத் துறக்கச் செய்த செய்தியை 1132-ஆம் ஆண்டின் கீழ்க் கூறும் பீட்டர்பரோ வரலாற்றேட்டில், இன்றைய ‘கிவ் அப்’ ஏறத்தாழ இதே உருவத்தில் காணப்படுகிறது. ‘ஃபிரேஸல் வெர்ப்’ என்ற பெயர் மட்டும் மிகவும் பிந்தியது. மரேயின் சகாவான ஹென்றி பிராட்லி சொன்ன யோசனையை ஏற்று, 1925-இல் லோகன் பியர்ஸல் ஸ்மித் அதனைத் தம் நூலில் வழங்கினார்.

நெடுங்காலத்தை விரும்பி ஏற்கும் இடைச்சொற்களில் முதன்மையானது ‘ஆன்’. ஒருவன் இரண்டு மணி நேரம் படித்தான் என்பதற்கு ‘ரெட்’ என்ற தனி வினையே போதுமாயிருக்க, ‘ரெட் ஆன்’ என்று ஏன் சொல்ல வேண்டும்? படிப்பு முன்னரே தொடங்கிவிட்டது, நிறுத்தக்கூடிய ஓர் இடமும் வந்தது, அவ்விடத்தில் நிற்காமல் அவன் மேலும் சென்றான் என்ற மூன்றையும் அந்த ஓர் அசை உணர்த்திவிடுகிறது. துணைவி மறைந்த பின் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவரைப் பற்றி ‘லிவ்ட் ஆன்’ என்பது இதனால்தான் அத்தனை பொருத்தமாக அமைகிறது. ‘டிராக் ஆன்’ என்பதோ இன்னும் ஒரு படி மேலே போய், காலத்தின் நீளத்தோடு சலிப்பையும் சேர்த்துக் கேட்கிறது. ஒரு வழக்கு பத்தாண்டுகள் ‘டிராக் ஆன்’ ஆகலாம். ஒரு கூட்டம் இரண்டு நிமிஷம் ‘டிராக் ஆன்’ ஆயிற்று என்றால் ஆங்கிலேயன் செவி அதை ஏற்காது.

‘அவே’ என்பதன் சுபாவம் வேறு. தம் தோட்டத்தில் எழுப்பிய இரும்புத் தகட்டுக் கொட்டகையில், சுவரெங்கும் அடுக்கிய சொற்சீட்டுகளுக்கு நடுவே மரே உழைத்ததை ‘வொர்க்ட் அவே’ என்றால், பொறுப்பேற்ற நாள்முதல் முப்பத்தாறு ஆண்டுகள் என்ற அளவோடு, சுற்றுப்புறத்தை மறந்து வேலையில் மூழ்கியிருந்த நிலையும் கண்முன் வருகிறது. இந்த அர்த்தத்தில் வரும் ‘அவே’ நேரான செயப்படுபொருளை ஏற்பதில்லை என்பது இதன் விசேஷம். எழுதப்படும் பொருளை ‘அட்’ என்ற முன்னிடைச்சொல்லால் சற்று விலக்கி வைத்துத்தான் சொல்ல வேண்டும். பொருள் முற்றிவிட்டால் செயலும் முற்றிவிடுமாதலால், முடிவில்லாது நீள வேண்டிய வினை தன் பொருளை இவ்வாறு எட்ட நிறுத்துகிறது போலும்.

இதற்கு நேர் எதிரானது ‘அப்’. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ என்பவை மிச்சமின்றித் தின்று தீர்ப்பதையும் செலவழித்துத் தீர்ப்பதையும் குறிப்பவை. ஆகையால் ‘ஃபார் எ வீக்’ என்ற அளவை இவை ஏற்க மறுத்து, ‘இன் எ வீக்’ என்பதையே கேட்கின்றன. 1957-இல் செனோ வெண்ட்லர் என்ற தத்துவ அறிஞர் வினைகளைக் காலத்தின் இயல்பு பற்றி வகுத்துக் காட்டிய கட்டுரைக்குப் பின், ‘ஃபார்’ வருமா ‘இன்’ வருமா என்பதை மொழியியலார் ஓர் உரைகல்லாகவே கொண்டுவிட்டார்கள். தமிழனுக்கு இந்த உரைகல் புதியதன்று. ‘அந்தப் புத்தகத்தை நான்கு நாள் படித்தான்’ என்போம். ‘நான்கு நாளில் படித்து முடித்தான்’ என்போம். ‘நான்கு நாள் படித்து முடித்தான்’ என்று ஒருபோதும் சொல்ல மாட்டோம். ஆங்கிலம் இடைச்சொல்லைக் கொண்டு செய்வதை நாம் துணைவினைகளைக் கொண்டு செய்கிறோம். ‘எழுதி வருகிறார்’, ‘எழுதிக்கொண்டே இருந்தார்’, ‘எழுதித் தீர்த்தார்’ என்ற மூன்றும் மூன்று வகைக் காலங்களைத் தம்முள் அடக்கியிருக்கின்றன.

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘கோ அவே’ என்பது ஒரு கணத்தில் நிகழ்ந்துவிடும் செயல். வாசலைக் கடந்தால் போயாகிவிட்டது. எனினும் ஆங்கிலத்தில் ‘ஆறு ஆண்டுகள்’ என்ற அளவோடு, ‘ஃபார்’ சேர்த்தே, அது தாராளமாக வரும். அந்த ஆறு ஆண்டுகள் புறப்பாட்டை அளப்பவை அல்ல. புறப்பாட்டினால் விளைந்த ஸ்திதியை, அவன் இல்லாதிருக்கும் காலத்தை அளப்பவை. தமிழோ இவ்விடத்தில் ஆங்கிலத்தைக் காட்டிலும் தெளிவாக நடந்துகொள்கிறது என்பது என் கருத்து. ‘ஆறு வருஷம் நடந்தான்’ என்று உருபின்றிச் சொன்னால் செயலின் நீளம். ‘ஆறு வருஷத்துக்குப் போயிருக்கிறான்’ என்று நான்காம் வேற்றுமை தந்தால் விளைவின் நீளம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ஃபார்’ ஆனமையால், எது அளக்கப்படுகிறது என்பதைக் கூட்டுவினையின் இயல்பிலிருந்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஒரு காரியத்தை மூன்று ஆண்டு ‘புட் ஆஃப்’ செய்தான் என்றால், அது தள்ளிக்கிடந்த காலம் மூன்று ஆண்டு என்று கொள்வதும் இந்த ஊகத்தாலேதான்.

இடைச்சொற்கள் யாவும் ஒரு விதிக்குள் அடங்கிவிடும் என்று நினைப்பதற்கில்லை. ‘அவுட்’ பல இடங்களில் தீர்ந்துபோவதைக் குறித்தாலும், ‘ஹோல்ட் அவுட்’ என்பதில் தாக்குப்பிடித்து நிற்பதைக் குறிக்கிறது. 1899-1900-இல் தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் நகரம் போயர்களின் முற்றுகையை 217 நாட்கள் தாங்கியதை இவ்வினையால்தான் சொல்ல வேண்டும். ‘அவே’ கூட மற்றொரு பிரயோகத்தில் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. ‘டான்ஸ் த நைட் அவே’ என்ற வகையான தொடர்களை மொழியியல் அறிஞர் ரே ஜாக்கெண்டாஃப் 1997-இல் ஒரு கட்டுரையில் நுணுகி ஆராய்ந்தார். இவற்றில் ‘ஃபார்’ இல்லை. இரவு என்பது அளவாக நில்லாமல் செயப்படுபொருளின் ஸ்தானத்திலேயே வந்து அமர்ந்துவிடுகிறது. வேண்டுமென்றே, வேறு கவலையின்றி, இரவு முழுவதையும் ஆடிக் கழித்தார்கள் என்பது அர்த்தம். பொருளை விலக்கி வைத்த அதே ‘அவே’, இங்கே காலத்தையே பொருளாக ஏற்று அதைச் செலவழித்துத் தீர்க்கிறது.